பத்தாம் தேதிப் பிள்ளைகள்

விரிவுரையாளர் கலாநிதி தனபாலனின் பிறந்தநாள் அந்த வருசம் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. மே மாதம் பத்தாம் தேதி. கிழமை நாளில் வந்திருந்தால் இருபத்திரண்டு பேரும் தப்பித்திருப்பார்கள். பிரயோகப் புள்ளிவிபரவியல் முதுமாணி வகுப்பு சனியும் ஞாயிறும்தான் என்பதால் ஒருவருக்கும் தப்ப வழியில்லை. வெசாக்குக்கு இரண்டே நாள். கண்டி வீதியெல்லாம் வெளிச்சக்கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள், பஸ் நகரவே இல்லை. அந்த நெரிசலில் வத்தேகமவிலிருந்து இரண்டு கிலோ கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யசோதா வந்து சேர்ந்தாள். கேக்கை அவள் தலையில் கட்டியவன் யுகேஷ். வங்கியில் உதவி முகாமையாளர். வேலையை அடுத்தவர் தலையில் கட்டுகிற விசயத்தில் அவனுக்கு யாரும் முதுமாணி கொடுக்கத் தேவையில்லை.

கேக் வெட்டியதும் தனபாலன் சேர் பேசினார். பேசாமல் விடுவாரா? முதலில் குடும்ப வரலாறு. தான் கண்டி டவுன்காரன், திருகோணமலை வீதிக்காரன், நாலு தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்றார். பிறகு ஒவ்வொரு வருசமும் சொல்கிற அதே பகிடி. ஓர் அறையில் இருபத்துமூன்று பேர் இருந்தால் அதில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க ஐம்பது வீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. நீங்கள் இருபத்திரண்டு, என்னோடு இருபத்துமூன்று, சொல்லுங்கள் பார்ப்போம் என்று ஆளாளுக்குத் தேதி கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் பொருந்தவில்லை. அதற்காக அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "பிறந்தநாள் என்பது இயற்கை உருட்டுகிற தாயம்," என்று கையை உருட்டிக் காட்டிவிட்டு, கிரீம் ரோஜா இருந்த துண்டை எடுத்துக்கொண்டார்.

யசோதா ரோஜா இல்லாத துண்டைத் தின்றாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் புள்ளிவிபர உதவியாளராகப் பதினொரு வருசம். உதவியாளர் என்றால், வீடு வீடாகப் போய் படிவம் நிரப்புகிறவர். அந்தப் படிவத்தை ஏ.சி. அறையில் இருந்து பார்த்து, 'என்ன இது கையெழுத்து' என்று கேட்கிறவர் உத்தியோகத்தர். அவளுக்குப் பிறகு வேலைக்கு வந்த பையன்கள் மூன்று பேர் முதுமாணி முடித்துவிட்டு அந்த அறைக்குள் போய்விட்டார்கள். உத்தியோகத்தர் நேர்முகத்துக்கு வயதெல்லை முப்பத்தைந்து. இந்த வருசம் பட்டம் கையில் வராவிட்டால், ஓய்வூதியம் வரைக்கும் அவள் படிவம் தூக்க வேண்டியதுதான். இதில் வேறு பேச்சே இல்லை.

ஆய்வுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். தமிழ் தெரிந்தவர் தனபாலன் ஒருவர்தான். பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஒற்றை அறைக் காம்பராவுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதற்கும் அந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனையாம் வகுப்போடு நிற்கிறார்கள் என்பதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். சேரின் முகம் சுருங்கியது. தோட்டம் என்றால் எல்லோரும் எழுதிச் சலித்த விசயம், கண்டி ஹோட்டல்களில் வெளிநாட்டார் எத்தனை இரவு தங்குகிறார்கள் என்று பாருங்களேன் என்றார். அடுத்த வாரம், அந்தத் தோட்டம் வேண்டாம், வேறு தோட்டம் பாருங்கள் என்றார். மூன்றாவது வாரம், மேல்பிரிவைப் பாருங்களேன் என்றார். யசோதாவின் குடும்பம் அதே தோட்டத்து மேல்பிரிவுதான். அவள் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது வத்தேகமவுக்கு வந்துவிட்டார்கள். தெரிந்த ஆட்கள் மத்தியில் கணக்கெடுத்தால் பதில் பக்கம் சாயும் என்று சேரே வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை அவருக்கே ஞாபகப்படுத்தினாள். மனுசன் வேறு வழியில்லாமல் தலைப்பில் கையெழுத்துப் போட்டார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை அவள் மலை ஏறினாள். நூற்றுப் பன்னிரண்டு வீடு. பொலித்தீன் பையில் படிவம், கையில் அளவு நாடா, கால் நிறைய அட்டைக்கடி. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஒரு சம்மதக் கடிதம் கொடுப்பாள். உங்கள் பெயர் எங்கேயும் வெளியே வராது, விருப்பமில்லாவிட்டால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். அவள் கையெழுத்துப் போட்டு, வாசித்துக் காட்டி, அவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். பிறகு காம்பராவை அளப்பாள். வயதை வாயால் கேட்கமாட்டாள். ஆட்கள் நாற்பது, ஐம்பது என்று தோராயமாகச் சொல்வார்கள் என்பது அலுவலகத்தில் அவள் பதினொரு வருசம் பட்ட பாடு. அடையாள அட்டையை வாங்கி, பிறந்த தேதியைப் பார்த்து எழுதிக்கொள்வாள். அதைவிட ஒழுங்காக இந்த உலகத்தில் யாரும் தரவு எடுக்க முடியாது என்று அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே, உழைத்தவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

யுகேஷும் தரவு எடுத்தான். கண்டி நகரில் வங்கி வாடிக்கையாளர் திருப்தி, இருநூறு படிவம். ஒரு போயா விடுமுறை நாள் பின்னேரம், கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து, நீலப் பேனா, கறுப்புப் பேனா, பென்சில் என்று மாற்றி மாற்றி இருநூறையும் அவனே நிரப்பினான். நடுவில் கொத்து ரொட்டி வந்தது. ஐம்பது படிவத்தை இடக்கையால் எழுதியதாக அவனே பெருமையடித்துக்கொண்டான். ஒரு படிவத்தில் கொத்து எண்ணெய் பட்டுவிட்டது. அதைப் பார்த்த சேர், களத்தில் இறங்கி வேலை செய்த அடையாளம் என்று சொன்னார். பிறகு யுகேஷின் வரைபடத்தைத் திரையில் போட்டார். மணி கவிழ்த்து வைத்த மாதிரி அழகான வளைவு. "பாருங்கள், இதுதான் இயற்கை," என்றார். யுகேஷ் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க வேண்டுமே.

யசோதாவின் கோப்பைப் பார்த்ததும் சேர் வகுப்பு முடிந்து அவளை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னார். கதிரை காட்டவில்லை.

"இதை எந்தக் கடையில இருந்து எழுதினீங்க?" என்று கேட்டார்.

நாடா பிடித்து அளந்ததாகச் சொன்னாள். சேர் தாளை விரலால் தட்டினார். நூற்றுப் பன்னிரண்டு காம்பரா, எல்லாம் பத்தடிக்குப் பன்னிரண்டடி, நூற்றிருபது சதுர அடி. ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று சொல்கிற நியம விலகல் பூச்சியம். மனிதர் குடியிருக்கிற எந்த இடத்திலும் நியம விலகல் பூச்சியம் வராது என்றார்.

"அது லயம், சேர்," என்றாள் யசோதா.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த தாளுக்குப் போனார். குடும்பத் தலைவர் நூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபத்தேழு பேர் பத்தாம் தேதி பிறந்தவர்கள். மாதம் வேறு, வருசம் வேறு, தேதி மட்டும் பத்து. நாலு பேர் இருந்தால் நம்பலாம், ஐந்து பேர் இருந்தால் நம்பலாம், அறுபத்தேழு என்றால் யார் தலையில் மிளகாய் அரைக்கிறீர்கள் என்றார். போலித் தரவு என்று ஒழுக்காற்றுச் சபைக்கு எழுதினால் பதிவையே வெட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இரக்கம் காட்டுகிறவர் போல வழியும் சொல்லிக் கொடுத்தார்.

"தொண்ணூறுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில கொஞ்சம் தூவி விடுங்க. தேதிகளையும் மாசம் முழுக்கச் சிதற விடுங்க. கம்பியூட்டர்ல அரை நிமிச வேலை. அங்க போய் யார் அளக்கப்போறாங்க?"

கடையில் இருந்து எழுதியவனுக்குக் கைதட்டு, அட்டைக்கடி வாங்கியவளுக்குப் பொய் எழுதப் பாடம். இருந்தாலும் அவளுக்குள்ளேயே ஒரு குடைச்சல். பூச்சியத்துக்குப் பதில் இருந்தது, வெள்ளைக்காரன் ஒரே வரைபடத்தை வைத்து வரிசை வரிசையாகக் கட்டிய லயம் அது. பத்தாம் தேதிக்கு அவளிடம் பதில் இல்லை. அவளுடைய அம்மாவும் அப்பாவும்கூடப் பத்தாம் தேதிதான். அந்தப் பொருத்தத்தால்தான் கல்யாணமே கூடி வந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாள் அதைக் கேட்டுச் சிரித்ததோடு சரி, புள்ளிவிபரம் படித்த மகளுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அந்தத் தோட்டத்து ஆபீசின் பழைய பெரிய கிளாக்கர் வத்தேகம சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருக்கிறார் என்று அப்பா சொன்னார். எழுபத்தெட்டு வயது, அந்தூரியம் வளர்த்துக்கொண்டு இருந்தார். இவள் கேள்வியைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

தோட்டத்தில் பத்தாம் தேதிதான் சம்பளம். பிள்ளை பிறந்தால் தகப்பன் ஆபீசுக்கு வந்து பதிய வேண்டும். வேறு நாளில் வந்தால் அரை நாள் பேர், அதாவது அரை நாள் கூலி, போய்விடும். அதனால் எல்லோரும் சம்பள நாளில், காசு வாங்குகிற வரிசையிலேயே நின்று பிறப்பையும் சொல்லிவிடுவார்கள். எப்போது பிறந்தது என்று கேட்டால், போன வாரமுங்க, மழை பெஞ்ச அன்னைக்குங்க என்பார்கள். அந்த மலையில் மழை பெய்யாத நாள் எது? படிவமோ தேதி கேட்கிறது. கிளாக்கர் நிமிர்ந்தால் முன்னூறு பேர் வரிசை. குனிந்து அன்றைய தேதியை எழுதிவிடுவார். இருபத்திரண்டு வருசம் அப்படித்தான் எழுதினார்.

"சட்டப்படி தேதி வேணும், நான் தேதி குடுத்தேன்," என்றார். "இத்தனை வருசத்துல ஒருத்தன்தான் சண்டைக்கு வந்தான். மூணாம் லயத்துப் பய, தனபாலு. ஆறு வயசுல டவுனுக்குப் போயி சித்தப்பன் வீட்டுல வளந்தவன். இப்ப கணக்கு டொக்டராம்."

யசோதா கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கிளாக்கர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அவன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் ஜாதகம் கேட்டிருக்கிறார்கள். கீழ்ப்பிரிவுக் கோயில் பூசாரி அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த நாள், நேரம் எல்லாம் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். அதில் பார்த்தால் தேதி வேறு. பத்துன்னு ஏன் எழுதினீங்க, என் வாழ்க்கையையே மாத்திப் போட்டீங்களே என்று இந்த வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறான். கொப்பியில் இருந்த தன் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போயிருக்கிறான். மீதிக் கொப்பி, பூசாரி செத்த பிறகு, கோயில் கூரை ஒழுகி ஊறிப்போனதாம்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிச்சல். நாலு தலைமுறை டவுன் தண்ணீராம். தெரியாமல் சொன்ன ஆள் என்றால் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே, தன் அட்டையிலும் அதே பத்தை வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து எந்தக் கடையில் எழுதினாய் என்று கேட்டிருக்கிறார். தூ! இந்த மனுசனுக்குக் கேக் பெட்டி சுமந்தோமே என்று தன்மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

தரவில் ஓர் எண்ணைக்கூட அவள் மாற்றவில்லை. சம்பள நாள் பற்றிக் கிளாக்கர் சொன்னதை மட்டும் அவருடைய கையெழுத்தோடு பின்னிணைப்பாகச் சேர்த்து ஆய்வைக் கொடுத்தாள். வாய்மொழிப் பரீட்சை பெரஹரா ஊர்வலம் முடிந்த வாரம் நடந்தது. வீதியில் யானை வாடை இன்னும் போகவில்லை. குழுவில் மூன்று பேர். துறைத்தலைவர், சேர், கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியை. மெலிந்த அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், தூங்குகிறாரோ என்று நினைத்தால் சரியான இடத்தில் கண்ணைத் திறப்பார்.

எல்லாம் ஆங்கிலத்தில்தான். சேர் முந்திக்கொண்டார். இந்த மாணவிக்குத் தரவைத் திருத்தும்படி ஆலோசனை சொன்னேன், கேட்கவில்லை, இதற்கு நான் பொறுப்பில்லை என்றார். துறைத்தலைவர் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் ஆட்டுவார். பேராசிரியை கண்ணைத் திறந்தார். லயத்து விசயத்தை ஒரே நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார். தேதிக்கு வந்தார். கிளாக்கர் கதை நல்ல கதை, ஆனால் ஒரு கிழவரின் வாய்வார்த்தை என்றார். தன் அம்மா அப்பாவும் பத்தாம் தேதிதான் என்று யசோதா சொன்னதற்கு, அவர்கள் அட்டையைக் காட்டினாலும் அதே பத்துத்தான் இருக்கும், அது ஒன்றையும் நிரூபிக்காது என்றார்.

"எனக்கு ஒரே ஒரு ஆள் போதும்," என்றார் பேராசிரியை. "பிறப்புச் சான்றிதழில் பத்து, அந்த நாளிலேயே எழுதிய வேறொரு தாளில் வேறு தேதி. ஒருவர். காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இல்லாவிட்டால் போலி என்றுதான் நான் எழுத வேண்டும்."

யசோதா சேரைப் பார்த்தாள். சேர் ஜன்னலில் இருந்த குரங்கைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பார் என்று அவள் உண்மையிலேயே காத்திருந்தாள். குரங்குகூடத் திரும்பிப் பார்த்தது, மனுசன் திரும்பவில்லை.

"சேர், மே மாசம் நாங்க கேக் வெட்டினது எத்தனையாம் தேதி?" என்று தமிழில் கேட்டாள்.

சேரின் காது மடல் சிவந்தது. உடனே ஆங்கிலத்துக்கு மாறி, என் பிறந்தநாளும் பத்தாம் தேதிதான், அதைத்தான் கேட்கிறாள், முப்பது பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கத்தானே செய்யும் என்று குழுவைப் பார்த்துச் சிரித்தார். துறைத்தலைவரும் சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை, பேனாவை மூடினார். இரண்டு வாரம் தவணை என்றார்.

வெளியே ஆஸிகா காத்துக்கொண்டிருந்தாள். அக்குறணையில் கணித ஆசிரியை, வகுப்பில் இவளுக்குப் பக்கத்துக் கதிரைக்காரி. நடந்ததைக் கேட்டதும், உள்ளே இருக்கும்போதே ஏன் போட்டு உடைக்கவில்லை என்று சீறினாள்.

"வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போடுங்க. ஒங்கட சேருக்கு அதுதான் மருந்து."

யசோதாவுக்கும் ஆசைதான். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஃபோனை எடுத்து, தனபாலன் சேர் மூணாம் லயத்தில் பிறந்தவர் என்று தட்டியும் பார்த்தாள். பிறகு அழித்தாள்.

"பேரை வெளியே சொல்லமாட்டேன்னு அந்தப் பிரிவுல வீடு வீடா எழுதிக் குடுத்திருக்கேன் ஆஸிகா. அவரும் அங்க பொறந்தவர்தானே," என்றாள்.

அந்த ஆய்வு நெறியை வகுப்பில் கற்றுக்கொடுத்ததே சேர்தான். மூன்று மணித்தியாலம், திரையில் எழுபது படம். ஆஸிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து யசோதா லீவு போட்டுவிட்டு அறுபத்தேழு வீட்டுக்கும் திரும்ப ஏறினாள். பழைய தாள், ஜாதகம், கோயில் குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஓர் அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார், கறையான் மண்தான் கொட்டியது. இன்னொரு வீட்டில் கூரை பறந்த வருசம் எல்லாம் நனைந்து போனதென்றார்கள். கோவிந்தன் என்ற ஆள் மட்டும் உறுதியாகச் சொன்னார், தான் ஒரு தைப்பொங்கல் அன்றைக்குப் பிறந்ததாக, அம்மா பானை வைத்துவிட்டுப் படுத்ததாக. அட்டையில் பெப்ரவரி பத்து இருந்தது. தாள் எதுவும் இல்லை. "தாளு வைக்க எடம் வேணும்ல தங்கச்சி," என்றார். பன்னிரண்டு நாள் போனது. முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

பதின்மூன்றாம் நாள் அவள் சேரின் அறைக்குப் போனாள். பேசவேண்டும் என்று பஸ்ஸில் நிறைய யோசித்து வைத்திருந்தாள், காறித் துப்புகிற மாதிரி நாலு வார்த்தை. கதவைத் திறந்ததும் அதெல்லாம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. பையிலிருந்து சம்மதக் கடிதம் ஒன்றை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் கொடுத்த அதே கடிதம், கீழே அவள் கையெழுத்துப் போட்டது. கூடவே வெறும் படிவம் ஒன்று. இரண்டையும் அவர் மேசைமேல் வைத்தாள்.

"பேர் வெளியே வராது, சேர். விருப்பமில்லாட்டி விலகிக்கலாம்," என்றாள். எல்லா வீட்டு வாசலிலும் சொன்னதைத்தான் சொன்னாள். அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த நாள், தவணையின் கடைசி நாள், பின்னேரம் மூன்று மணிக்கு அலுவலக லிகிதர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். தனபாலன் சேர் வைத்துவிட்டுப் போனாராம், தனக்குத் தெரிந்த ஒருவருடையது என்று சொல்லச் சொன்னாராம். தெரிந்த ஒருவர்! படியில் உட்கார்ந்து பிரித்தாள். பிறப்புச் சான்றிதழின் பிரதி. பெயரைக் கறுப்பு மையால் அழித்திருந்தார். தகப்பன் பெயரையும் அழித்திருந்தார். தாயின் பெயரை இரண்டு தடவை அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்தே போயிருந்தது. மிஞ்சியது மே மாதம் பத்தாம் தேதியும், கிளாக்கரின் சாய்ந்த கையெழுத்தும். இன்னொரு பிரதி, ஓரம் கிழிந்த கொப்பித் தாள் ஒன்றினுடையது. சித்திரை மாதம் பத்தொன்பதாம் நாள், ஆண் மகவு, விடிய முன் என்று பென்சிலில் இருந்தது. மே இரண்டு. எட்டு நாள் வித்தியாசம்.

அந்த இரண்டு தாளும் பேராசிரியைக்குப் போதும். அன்றிரவே ஸ்கேன் பண்ணிய பிரதி கொழும்புக்குப் போய், மூன்றாம் நாள் கையெழுத்து வந்தது. யசோதா சித்தியடைந்தாள். சேர் அவளைப் பாராட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த மே மாதமும் அவர் பத்தாம் தேதிதான் கேக் வெட்டினார் என்றும், புதிய வகுப்புப் பிள்ளைகளிடம் இயற்கை உருட்டுகிற தாயம் என்று அதே கையை உருட்டிக் காட்டினார் என்றும் ஆஸிகா பிறகு சொன்னாள். மனுசன் திருந்துவார் என்று அவள் எங்கே எதிர்பார்த்தாள்?

ஆனால் அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. அவள் வைத்துவிட்டு வந்த படிவம். அதை அவர் நிரப்புவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பெயர் இல்லை. தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. மற்றக் கேள்விகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. பிறந்த காம்பராவின் அளவு, பத்துக்குப் பன்னிரண்டு. அப்போது அதற்குள் இருந்தவர்கள், ஒன்பது பேர். வகுப்பில் கரும்பலகை முழுக்க நீட்டி எழுதுகிற அந்தக் கை, இங்கே எறும்பு அளவுக்குக் குறுகிப் போயிருந்தது. யாரும் நாடா பிடித்துக் காட்டாமலே அவருக்கு அளவு தெரிந்திருந்தது. யசோதாவுக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை, ஆனாலும் அழுகை வந்தது. எதற்கென்று அவளுக்கே கோபமாக இருந்தது.

மடிக்கணினியைத் திறந்து, பின்னிணைப்புக்காக, நூற்றுப் பதின்மூன்றாவது வரிசையில் அவரை எழுதினாள். ஆண், ஐம்பத்தாறு, தேதி பத்து, நூற்றிருபது சதுர அடி. பிறகு கணக்கைத் திரும்ப ஓட்டினாள். கலாநிதி ஒருவர் புதிதாகச் சேர்ந்தும் காம்பராவின் சராசரி அசையவில்லை. நியம விலகல் அதே பூச்சியம்தான்.